குறிவரைவுக்கு எந்த மென்பொருள்?

“சார்ட் அழகா வரணும், எந்த சாஃப்ட்வேர் நல்லது?” பட்டறை முடிந்ததும் ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பதிலுக்கு முன் ஒரு சம்பவம்.

பேராவில் ஒரு தோட்டப் பள்ளி. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் எக்செலில் செய்த பட்டைக் குறிவரைவைக் காட்டினேன். எண்களைச் சற்று மாற்றித் தருகிறேன்: நான்கு ஆண்டுகளில் மாணவர்கள் 61, 60, 58, 57. திரையைப் பார்த்ததும் ஒரு தாய், “ஸ்கூல மூடப் போறாங்களா சார்? பிள்ளைய மாத்திடவா?” என்றார். நான்கு பிள்ளைகள்தான் குறைவு. ஆனால் செங்குத்து அச்சு 55-இல் தொடங்கியிருந்தது. முதல் பட்டை 6 அலகு உயரம், கடைசிப் பட்டை 2 அலகு. பள்ளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதுபோல் தெரிந்தது!

எண்கள் நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே இப்படி அச்சை வெட்டிவிடும். அச்சின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஃபார்மெட் ஆக்சிஸ்’ போய், ‘மினிமம்’ இடத்தில் 0 போடுங்கள். ஆக, மென்பொருளிடம் முதலில் பார்க்க வேண்டியது அச்சை மாற்ற விடுகிறதா என்பதே. எக்செல், கூகல் ஷீட்ஸ், இலவச லிப்ரே ஆபீஸ் கால்க் மூன்றும் விடும். டெலிமா கணக்கு வைத்திருப்பவர்களுக்கு கூகல் ஷீட்ஸ் கையிலேயே இருக்கிறது. மாணவர்களோடு பகிர்வதும் சுலபம்.

அடுத்து தமிழ் எழுத்து. ‘தோட்டம்’ என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்த எழுத்துருவை விடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துரு பாதுகாப்பானது. கேன்வா அழகுதான், சுவரொட்டிக்கு நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனாலும் எண்களை முதலில் ஷீட்ஸில் வரைந்து சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

எந்த வகைக் குறிவரைவு என்பதையும் மென்பொருள் சொல்லாது. நாட்டில் 523 தமிழ்ப்பள்ளிகள் என்று எண்ணிய காலத்துக் கணக்கு இது: பேரா 134, சிலாங்கூர் 97, ஜொகூர் 70, நெகிரி செம்பிலான் 61, கெடா 58, பகாங் 37, பினாங்கு 28, மலாக்கா 21, கோலாலம்பூர் 15, கிளந்தான் 1, பெர்லிஸ் 1. மாணவர்களே, இதை வட்டக் குறிவரைவாகப் போட்டுப் பாருங்கள். பேராவுக்குச் சுமார் 92 பாகை கிடைக்கும். பெர்லிஸுக்கு ஒரு பாகைகூட வராது, கோடுதான் தெரியும். பதினொரு வண்ணத்துக்கும் கண் அலைய வேண்டும். நிற்கும் பட்டை போட்டாலோ ‘நெகிரி செம்பிலான்’ இடம் போதாமல் சாய்ந்துகொள்ளும். படுக்கைப் பட்டையே இதற்குப் பொருத்தம். பெயர் நேராக இருக்கும், பெரியது முதல் சிறியது வரை இறங்கும். டேட்டாரேப்பர் என்ற இலவச இணையதளம் இவ்வகையை அழகாகச் செய்து தரும்.

தேர்வில் எப்படியும் கையால்தான் வரையப் போகிறீர்கள். அங்கே அளவுத்திட்டம், தலைப்பு, அச்சுகளின் பெயர் எல்லாம் உங்கள் பொறுப்பு. கணினியில் செய்யும்போதும் இவற்றை நீங்களே தட்டிப் பழகுங்கள்.

இன்னொன்று, நம்ம பள்ளிகளில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஃபோட்டோஸ்டாட்தான். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். ஒரே நிறம் வைத்து, ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் எண்ணை எழுதிவிடுங்கள்.