கேசட்டில் இருக்கும் எழுத்தாளர் குரலைக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. மெயில் பார்க்கிறோம், படம் பார்க்கிறோம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். வேறு என்ன உருப்படியாகச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வேலை சொல்வதுண்டு. பரண் மேல் இருக்கும் பழைய ஆடியோ கேசட் பெட்டியை இறக்குங்கள். சினிமாப் பாட்டு கேசட்களை ஒதுக்கி வைத்துவிடலாம். அந்தப் பாடல்கள் பெரும்பாலும் இன்டர்நெட்டிலேயே கிடைக்கின்றன. வீட்டில் யாராவது ரேடியோவிலிருந்து பேச்சைப் பதிவு செய்து வைத்த கேசட் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு எழுத்தாளரின் பேட்டி இருந்தால், அதன் ஒரே பிரதி உங்கள் கையில் இருக்கக் கூடும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்புதான், 1938 ஜூனில், சென்னை நிலையம் வந்திருந்தது. அன்றிலிருந்து எத்தனையோ எழுத்தாளர்கள் மைக் முன் அமர்ந்து வரலாறு, அறிவியல், இலக்கியம் என்று பேசியிருக்கிறார்கள். எழுத்தாளர்களே வானொலியில் வேலையும் பார்த்தார்கள். தி. ஜானகிராமன், அகிலன், மீ.ப. சோமு எல்லாரும் வானொலிக்காரர்கள்தான். ஆனால் தொடக்க காலத்தில் பல நிகழ்ச்சிகள் நேரடியாகவே ஒலிபரப்பாயின. பிறகு டேப் வந்தது. டேப் விலை அதிகம் என்பதால், ஒலிபரப்பு முடிந்ததும் அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது உலகெங்கும் இருந்த வழக்கம். பிபிசியே 1960களிலும் 70களிலும் பல நிகழ்ச்சிகளை இப்படி அழித்திருக்கிறது. அகில இந்திய வானொலியிடம் ஆவணக் காப்பகம் உண்டு என்றாலும், ஒலிபரப்பான எல்லாமே அதில் இருக்கும் என்று நம்பிச் சும்மா இருக்க முடியாது.

எழுத்தாளரின் புத்தகம் நூலகத்தில் கிடைக்கும். அவர் எப்படிப் பேசினார், எந்த ஊர்ப் பேச்சு அவருடையது, எந்தக் கேள்விக்குத் தயங்கினார் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது.

எனக்கு இந்த அக்கறை வந்ததற்குக் காரணம் காட்டூர் வீட்டில் கிடைத்த ஒரு 60 நிமிட கேசட். அப்பா எங்கள் டூ இன் ஒன்னில் பதிவு செய்தது. லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் 'பேட்டி' என்று மட்டும் எழுதியிருக்கிறார். யாருடைய பேட்டி, எந்த வருடம், ஒன்றும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா இப்போது இல்லை. இன்னொரு பக்கத்திலும் ஏதோ பேச்சு இருந்திருக்க வேண்டும். அதன் மேல் நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது சினிமாப் பாட்டு பதிவு செய்துவிட்டேன். கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் மறுபதிவு செய்ய முடியாது. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்கள் கேசட்டில் அந்தத் தகடுகள் இருந்தால், வேறு எதுவும் செய்வதற்கு முன் உடைத்துவிடுங்கள்.

என்னென்ன தேவை?

நன்றாக ஓடும் டேப் ரெக்கார்டர் ஒன்று. இரு முனையிலும் 3.5 மி.மீ. பின் உள்ள ஸ்டீரியோ கேபிள் ஒன்று. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர். இவ்வளவுதான். ஆடாசிட்டி 2000ம் ஆண்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோட் செய்திடுங்கள்.

முதலில் டேப் ரெக்கார்டரைக் கவனியுங்கள். வருடக்கணக்கில் ஓடாத மெஷினில் பெல்ட் தளர்ந்திருக்கும். என் மெஷினில் அந்த எழுத்தாளர் தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல இழுத்து இழுத்துப் பேசினார். பெல்ட் மாற்றியதும் சரியாகிவிட்டது. ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, காய விடுங்கள். அதன் பிறகும் முக்கியமான கேசட்டை உடனே போட்டுவிடாதீர்கள். போனால் போகிறது என்று நினைக்கும் ஒரு கேசட்டைப் போட்டு, டேப்பை மெஷின் மென்று தின்கிறதா என்று பாருங்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். அந்தப் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும்.

இனி இணைப்பு. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம் மூன்று நிறத்தில் ஆடியோ துளைகள் இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, பிங்க் மைக்குக்கு, வெளிர்நீலம் லைன் இன். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கேபிளை வெளிர்நீலத் துளைக்குக் கொண்டு வாருங்கள். பலரும் பிங்க் துளையில் செருகிவிட்டு, குரல் கரகரக்கிறது என்று கேசட்டைக் குறை சொல்கிறார்கள். மைக் துளை மிக மெல்லிய சிக்னலுக்காக அமைந்தது. டேப் ரெக்கார்டரிலிருந்து வரும் சிக்னலை அது தாங்காது. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் லைன் இன் இருப்பதில்லை. அதற்கு லைன் இன் உள்ள சிறிய யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்க வேண்டும். கடையில் 'லைன் இன் இருக்கிறதா' என்று கேட்டு வாங்குங்கள். மைக் துளை மட்டும் உள்ளவையும் நிறைய விற்கின்றன.

ஆடாசிட்டியைத் திறந்து, ஆடியோ செட்டப் பகுதியில் லைன் இன்னைத் தேர்ந்தெடுங்கள். பேச்சுக்கு மோனோ போதும். சிவப்பு வட்டம் உள்ள ரெக்கார்டு பட்டனைக் கிளிக் செய்து, கேசட்டை ஓட விடுங்கள். அலை போன்ற கோடுகள் வரும். மீட்டர் சிவப்பைத் தொடாமல், அதிகபட்சம் மைனஸ் 6 டெசிபல் அளவில் நிற்கும்படி டேப் ரெக்கார்டரின் வால்யூமைத் திருப்புங்கள். கோடு நேராகவே போகிறது, சத்தமே பதிவாகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று, மைக்ரோபோனுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும்.

முப்பது நிமிடப் பேச்சை எடுக்க முப்பது நிமிடம் ஆகும். பைலை காப்பி செய்வது போல நொடியில் முடியாது. கூடவே உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதற்குத்தானே எடுக்கிறோம்!

முடிந்ததும் எக்ஸ்போர்ட் கொடுத்து வேவ் பைலாக சேவ் செய்திடுங்கள். மோனோவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 300 எம்பிக்குச் சற்று மேல். இன்றைய ஹார்ட் டிஸ்கில் இது ஒன்றுமே இல்லை. சொந்தக்காரர்களுக்கு அனுப்ப எம்பி3 பைல் தனியாகத் தயாரியுங்கள். 64 கேபிபிஎஸ் வைத்தால் ஒரு மணி நேரப் பேச்சு 30 எம்பிக்குள் அடங்கிவிடும். ஆனால் வேவ் பைலை அழித்துவிடாதீர்கள். அதை ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வெளியூரில் இருக்கும் தம்பியிடமோ அக்காவிடமோ ஒன்று என இரண்டு இடத்தில் வைத்திருங்கள்.

'உஸ்' என்ற இரைச்சலை நீக்க ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்ஷன் இருக்கிறது. பேச்சு இல்லாத இரண்டு மூன்று நொடிகளைத் தேர்ந்தெடுத்து கெட் நாய்ஸ் புரொபைல் கிளிக் செய்திட வேண்டும். பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து, 6 முதல் 12 டெசிபல் வரை குறைக்கலாம். ஆசைப்பட்டு அதிகம் வைத்தால், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும். இரைச்சல் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே என் கருத்து. எதைச் செய்தாலும் காப்பி எடுத்த பைலில் மட்டும் செய்திடுங்கள்.

யார் பேசுகிறார்?

இரைச்சலை விடப் பெரிய பிரச்னை பெயர். என் கேசட்டில் பேட்டி பாதியிலிருந்துதான் தொடங்குகிறது. அப்பா தாமதமாக பட்டனை அழுத்தியிருக்கிறார். பேசுபவர் வயதானவர். 1924 ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தைச் சிறுவனாக நேரில் பார்த்ததைச் சொல்கிறார். தண்ணீரின் நிறத்தைச் சொல்கிறார், வாசனையைச் சொல்கிறார். அது எப்படித் தன் நாவலுக்குள் வந்தது என்று விளக்குகிறார். நாவலின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பேட்டி எடுப்பவரும் கடைசி வரை 'நீங்கள், உங்கள்' என்றே பேசி, பெயரைச் சொல்லாமல் நன்றி கூறி முடிக்கிறார். அடுத்து, திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் என்ற அறிவிப்பு வருகிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருவரை வரவழைத்துக் கேட்க வைத்தேன். ஒருவர் ஒரு பெயர் சொன்னார். மற்றவர் "அவர் குரல் இப்படி இருக்காது ஓய்" என்று வேறு பெயர் சொன்னார். காபி ஆறிப் போனதுதான் மிச்சம்.

பிறகுதான், பேட்டி முடிந்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். டில்லியிலிருந்து மாலைச் செய்தி தொடங்கி, ஒரு நிமிடம் போல ஓடி நிற்கிறது. அதில் முதல் செய்தியே ராகேஷ் சர்மா விண்வெளியிலிருந்து இன்று பூமி திரும்பினார் என்பது. அவர் 1984 ஏப்ரல் 3 அன்று புறப்பட்டு, ஏப்ரல் 11 அன்று திரும்பினார். ஆகவே பேட்டி ஒலிபரப்பானது 1984 ஏப்ரல் 11, புதன்கிழமை மாலை. இதனால்தான் சொல்கிறேன்: பேட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் தேவையில்லாத பகுதி என்று எதையும் வெட்டிவிடாதீர்கள். விளம்பரம், நேரம் சொல்வது, செய்தி எல்லாமே தேதிக்கு சாட்சி.

பைலுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், தேதி, நிலையம், பேசுபவர் என்ற வரிசையில் வையுங்கள். போல்டரில் தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும். ஆடாசிட்டியின் மெட்டாடேட்டா பகுதியில் யூனிகோடு தமிழிலேயே விவரங்களை டைப் செய்யலாம். யார் பதிவு செய்தது, எந்த ஊரில் என்பதையும் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேசட் உங்களுடையது என்பதால் பேச்சும் உங்களுடையது ஆகிவிடாது. உரிமை வானொலிக்கும் பேசியவருக்கும் உண்டு. வீட்டில் வைத்துக் கேட்பது வேறு, இன்டர்நெட்டில் ஏற்றுவது வேறு. ஏற்றும் முன் அனுமதி கேளுங்கள். பொதுவில் வைக்க வேண்டும் என்று விரும்பினால், இலங்கைத் தமிழர்களின் நூலகம் நிறுவனம் போன்றவை செய்யும் முறையைப் பாருங்கள். 2005ல் நூல்களை மின்வடிவில் சேகரிக்கத் தொடங்கியவர்கள், இப்போது வாய்மொழி வரலாறுகளையும் ஒலிப்பதிவாகச் சேகரிக்கிறார்கள்.

என் பைலின் பெயர் இப்போதைக்கு '1984-04-11 திருச்சி பெயர் தெரியவில்லை' என்று இருக்கிறது. அந்தக் காலத்தில் நாளிதழ்கள் அன்றன்றைய வானொலி நிகழ்ச்சிகளை அச்சிட்டு வந்தன. 1984 ஏப்ரல் 11 நாளிதழ் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். காவிரி வெள்ளத்தை நாவலில் எழுதிய, 1984ல் எழுபது வயதை ஒட்டியிருந்த எழுத்தாளர் யாரென்று வாசகர்கள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.