வேலை ஓசூரில்... வீடு எங்கே?



"ஓசூர்ல வேலை கெடைச்சிருச்சு. ஒண்ணாந் தேதி சேரணும்."

இப்படி ஒரு சேதி வந்தால் எந்த வீட்டில்தான் சந்தோஷம் இருக்காது? மழையை நம்பி ராகியும் துவரையும் போடும் மானாவாரிக்காரர்களுக்கு மாதச் சம்பளம் என்பது பெரிய ஆறுதல். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அன்று முதல் நம் பகுதிக் குடும்பங்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. இன்று ஓசூர் ஒரு மாநகராட்சி. சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் தொழிற்சாலைகள் வந்துவிட்டன. ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள்.

வேலை எங்கே என்பதைக் கம்பெனி சொல்லிவிடும். வீடு எங்கே என்பதை யார் சொல்வது? கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில் உங்கள் குழந்தையின் ஆரோக்கியம் அடங்கியிருக்கிறது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்

ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். கணவனுக்கு 26 வயது. மனைவிக்கு 22. பையனுக்கு ஒன்றேகால் வயது. கணவன் முதலில் போய் வேலையில் சேர்ந்தான். கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே ஒரு லைன் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டான்.

"நானும் வந்து ஒரு தடவ பாத்துடறேங்க" என்றாள் மனைவி.

"நீ எதுக்கு புள்ள புள்ளயத் தூக்கிக்கிட்டு அலையணும்? வாடகை கம்மி. பஸ் செலவே கிடையாது. வேற என்ன வேணும்?"

போய்ப் பார்த்தால் பத்துக்குப் பத்து அறை. மேலே சிமெண்ட் ஷீட். ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். போர் தண்ணீர் உப்புக் கரித்தது. அங்கன்வாடியோ நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். ராத்திரி பகல் லாரி ஓடும் ரோட்டைக் குழந்தையோடு எப்படித் தாண்டுவது? அக்கம்பக்கத்தார் தெலுங்கும் கன்னடமும் பேசினார்கள். நல்லவர்கள்தான். ஆனால் எதையும் கேட்க அவளுக்குக் கூச்சம். கணவனுக்கு நைட் ஷிப்டு வந்தால் பகலெல்லாம் தூங்குவான். பையன் அழக்கூடாதென்று அவள் அவனைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.

நாலு மாதத்தில் பையனுக்கு இரண்டு தடவை பேதி. போட வேண்டிய தடுப்பூசிக்கு நாள் தாண்டியது. தடுப்பூசி அட்டை டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கிராம சுகாதார செவிலியர் பையனை எடை போட்டார்.

"என்னம்மா இது? போகும்போது இருந்ததைவிட அரைக் கிலோ கொறஞ்சிருக்கானே!"

அன்று ராத்திரி மனைவி கேட்டாள்: "கம்பெனி பக்கமான்னு பாத்தீங்க. குடிக்கிற தண்ணி பக்கமான்னு பாத்தீங்களா?"

அவனிடம் பதில் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து தெருத்தெருவாக நடந்தார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு கிடைத்தது. வாடகை 700 ரூபாய் அதிகம். ஆனால் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. அடுத்த தெருவில் அங்கன்வாடி இருந்தது.

700 ரூபாய் நஷ்டமா? கணக்குப் போடுங்கள். பழைய வீட்டில் மாதம் 10 கேன் தண்ணீர், கேன் 35 ரூபாய் என்றால் 350 ரூபாய். குழந்தைக்குப் பேதி வந்தால் வைத்தியச் செலவு. லீவு போட்டால் சம்பளப் பிடிப்பு. வாடகையில் மிச்சம் பிடித்தது வேறு வழியில் போய்விட்டது. குழந்தையின் எடையும் கூடவே போனது.

வீட்டில் இருப்பது யார்?

வேலைக்குப் போகிறவர் ஷிப்டும் பயணமும் போக, வீட்டுக்குத் தூங்கத்தான் வருகிறார். இருபத்துநாலு மணி நேரமும் அங்கே இருப்பவர்கள் தாயும் குழந்தையும். ஆகவே யார் அதிக நேரம் இருக்கிறாரோ அவர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். மனைவியும் வேலைக்குப் போவதாக இருந்தால் குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் முன்பே பேசுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வேலையில் சேரும்போதே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது குடிக்கத் தகுந்ததல்ல. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை தொடர்ந்து குடித்தால், முளைக்கப்போகும் நிலைப் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழும். தேய்த்தால் போகாது. பல வருடம் குடித்தால் பெரியவர்களுக்கும் மூட்டு, முதுகெலும்பு இறுகி வலிக்கும்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிச்சா போதாதா?" என்று கேட்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. இந்தக் கஷ்டத்தைப் போக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரு மாவட்டங்களுக்கும் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகவே வீட்டுக்காரரிடம், "போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா? எத்தனை நாளைக்கு ஒரு தடவ வருது?" என்று கேளுங்கள். அந்தத் தெருப் பெண்களிடமும் கேளுங்கள். அங்குள்ள பிள்ளைகளின் பல்லையும் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம்.

இன்னொன்று. தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் பிறந்து, பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீரையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது பலமுறை வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கியிருக்கிறது. ஆறு பக்கத்தில் இருக்கிறதே என்று குழந்தையை அதில் குளிப்பாட்டாதீர்கள்.

நடக்கும் தூரத்தில் என்ன இருக்கிறது?

வீடு பார்க்கப் போகும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் இவை கிடைக்கின்றனவா?

1. அங்கன்வாடி. 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு கிடைக்கும். குழந்தையை எடை போட்டும் பார்ப்பார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் என்று ஒதுக்கமாட்டார்கள். போய்ப் பெயர் கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

2. ஆரம்ப சுகாதார நிலையம், நகரத்தில் என்றால் நகர்ப்புற சுகாதார நிலையம். புதன்கிழமை தடுப்பூசி நாள். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா முதல் ஊசி; 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. இடம் மாறும் குடும்பங்களில் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஊசிதான்.

3. தொடக்கப்பள்ளி. ஓசூர்ப் பகுதியில் தமிழோடு தெலுங்கு, கன்னடம் வழிப் பள்ளிகளும் உண்டு. உங்கள் பிள்ளைக்கு எந்த வழி வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையைத் தாண்டாமல் போகும் பள்ளியாக இருக்கட்டும்.

4. பேச்சுத் துணை. பக்கத்தில் நாலு குடும்பம் இருக்க வேண்டும். மொழி வேறானால் என்ன? குழந்தைக்கு உடம்பு சுட்டால் கதவைத் தட்ட ஓர் அக்கா வேண்டுமல்லவா?

வீட்டுக்குள்ளே

காற்றும் வெளிச்சமும் வர ஜன்னல் இருக்கிறதா? சமையல் புகை வெளியேறுகிறதா? கக்கூஸ் எத்தனை வீட்டுக்குப் பொது? ராத்திரி பயமில்லாமல் போய்வர முடியுமா? இவற்றைப் பாருங்கள். தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில் டிரம்மில் பிடித்து வைப்பீர்கள். அதை மூடி வையுங்கள். வாரம் ஒரு நாள் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். ஓசூர் சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. ஊத்தங்கரை வெயிலில் வளர்ந்த குழந்தைக்கு மார்கழிக் குளிர் புதிது. ஷீட் வீடு சீக்கிரம் சில்லிட்டுப் போகும். கைக்குழந்தையைத் தாயின் அணைப்பில் வையுங்கள். மூச்சு வாங்கினாலோ, மார்பு உள்ளிழுத்தாலோ தாமதம் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

ஜூஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம், அத்திப்பள்ளி. "அங்க வாடகை பரவாயில்ல" என்று யாராவது சொல்வார்கள். அக்கரைக்கு இக்கரை பச்சை! இரண்டு பக்கமும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவற்றை யோசியுங்கள்.

தடுப்பூசி எங்கே போட்டாலும் இலவசம். அட்டை இருந்தால் போதும். ரேஷன் அப்படியல்ல. தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம். எல்லை தாண்டினால், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைக்கு மட்டும் தானியம் கிடைக்கும்; இங்கே தரும் பருப்பும் பாமாயிலும் அங்கே கிடைக்காது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடும் தமிழ்நாட்டுத் திட்டங்கள். பள்ளியில் கன்னடம் படிக்க வேண்டிவரும். வேலை அந்தப் பக்கம் என்றால் அங்கேயே குடியிருப்பது நியாயம். வேலை இந்தப் பக்கம் இருக்கையில் சில நூறு ரூபாய் வாடகைக்காக எல்லை தாண்டுவது லாபமா என்று கணக்குப் பாருங்கள்.

குடும்பம் ஊரிலேயே இருக்கட்டுமா?

அதுவும் ஒரு வழிதான். தவறில்லை. பிரசவம் நெருங்கியிருந்தால், குழந்தை மிகச் சின்னதாக இருந்தால், அத்தையோ அம்மாவோ துணைக்கு இருந்தால், சில மாதம் பொறுத்துக் கூட்டிப்போவது நல்லது. கிருஷ்ணகிரியிலோ சூளகிரியிலோ குடியிருந்து வேலைக்குப் போய்வருகிறவர்களும் உண்டு. கம்பெனி பஸ் வருகிறதா என்று விசாரியுங்கள். ஆனால் "இன்னும் ஆறு மாசம், இன்னும் ஆறு மாசம்" என்று வருடக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டாம். அப்பா முகம் குழந்தைக்கு மறந்துபோகக் கூடாது.

அடுத்த குழந்தை எப்போது?

புது ஊர், புது வேலை, வாடகை வீடு. கால் ஊன்ற ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதற்குள் எதிர்பாராமல் கர்ப்பம் ஆனால் தாய்க்கும் சிரமம், கைக்குழந்தைக்கும் சிரமம். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே மூன்று வருட இடைவெளி நல்லது. நிரோத், மாலா-என் மாத்திரை, வாரம் ஒரு தடவை சாப்பிடும் சாயா மாத்திரை (முதல் மூன்று மாதம் மட்டும் வாரம் இருமுறை), மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, காப்பர்-டி என எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். உங்களுக்கு எது பொருத்தம் என்று செவிலியர் சொல்வார். பாலூட்டும் தாய் கேட்காமல் மாலா-என் சாப்பிட வேண்டாம். போதுமான பிள்ளைகள் இருந்தால் ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை சில நிமிட வேலை. இதனால் பலம் குறையாது, ஆண்மையும் குறையாது. கணவன் மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறவராக இருந்தாலும் இந்த ஏற்பாடு வேண்டும்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்றால் ஓசூர்ச் செவிலியரிடமும் ஊர்ச் செவிலியரிடமும் சொல்லிவையுங்கள். கர்ப்பிணிக்குத் தரும் பிக்மி எண் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

புறப்படும் முன்

பாத்திரம் பண்டம் கட்டுவதற்கு முன்னால் இவற்றை ஒரு பையில் எடுத்து வையுங்கள்:

- குழந்தையின் தடுப்பூசி அட்டை
- தாய் சேய் நல அட்டை, பிக்மி எண்
- பிறப்புச் சான்றிதழ்
- குடும்ப அட்டை, ஆதார்
- காப்பீட்டு அட்டை, இ.எஸ்.ஐ. இருந்தால் அதில் மனைவி, பிள்ளைகள் பெயரும் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்
- நாலு பொட்டலம் உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்

போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் பெயர் கொடுங்கள். ஊரை விட்டுப் போவதை உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்து எந்த ஊசி, எந்தத் தேதி என்று அவர் அட்டையில் எழுதித் தருவார்.

தம்பதியரே! கேட் பக்கம் இருக்கும் வீடு கால் வலியைக் குறைக்கும். நல்ல தண்ணீர் பக்கம் இருக்கும் வீடு உங்கள் குழந்தையைக் காக்கும். இருவரும் சேர்ந்து போய்ப் பாருங்கள். இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அளவான குடும்பம்! ஆரோக்கியமான வீடு! வளமான வாழ்வு!