சிவப்புச் செம்புக்கு நீல வெளிச்சம்!

குட்டீஸ்களே... வீட்டில் செம்புப் பாத்திரம் இருந்தால், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்த செம்பு என்ன நிறத்தில் பளபளக்கிறது? சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம்... சரிதானே! பேட்டரி செய்யும் இன்ஜினியர்களின் பெரிய தலைவலிக்கு, இந்த நிறத்தில்தான் மருந்து இருந்தது.

மொபைல் போன், மின்சார ஸ்கூட்டர் ஆகியவற்றில் உள்ள லித்தியம் அயனி பேட்டரியைப் பிரித்தால் (நீங்கள் பிரித்துவிடாதீர்கள், ஆபத்து!), உள்ளே செம்புத் தாளும் அலுமினியத் தாளும் இருக்கும். செம்புத் தாளின் தடிமன், பெரும்பாலும் 6 முதல் 10 மைக்ரான்தான். நம் தலைமுடியோ சுமார் 70 மைக்ரான். எவ்வளவு மெல்லிசு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பை வடிவ பேட்டரியில், இப்படிப்பட்ட பல தாள்களின் ஓரங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓர் உலோகப் பட்டையோடு வெல்டிங் செய்ய வேண்டும். மின்சாரம் அந்த வழியாகத்தான் வெளியே வரும். இணைப்பு சரியில்லை என்றால், அந்த இடம் சூடேறும். வெல்டிங்கின்போது தெறிக்கும் செம்புத் துளி உள்ளே விழுந்து, நடுவில் உள்ள தடுப்பைக் குத்திவிட்டால், பேட்டரியே தீப்பிடிக்கலாம்!

இரும்பு கேட் செய்யும் பட்டறை வெல்டிங், இதற்கு ஆகாது. தாள் பொசுங்கிவிடும். லேசர் ஒளியை, லென்ஸ் வைத்து மிகச் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். ஆனால், அதனிடமும் செம்பு சேட்டை செய்தது.

ஆலைகளில் இருந்தவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்கள். செம்பு அந்த ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பிவிடும். 100 பங்கு விழுந்தால், 5 பங்குதான் உள்ளே போகும். சரியென்று ஒளியைக் கூட்டினால், செம்பு உருகத் தொடங்கியதும், திடீரென்று அதிகமாக உறிஞ்சும். அடுப்பில் சும்மா கிடந்த பால், சட்டென்று பொங்குமே... அந்தக் கதைதான். செம்பு கொதித்துத் தெறிக்கும். தாளில் ஓட்டை விழும்.

இப்போது, உங்கள் செம்புப் பாத்திரத்துக்கு வாருங்கள். வெயிலில் எல்லா நிறமும் உண்டு. செம்பு சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது, நீலத்தை விழுங்குகிறது. அதனால்தான் அந்த நிறம். அப்படியானால், நீல லேசரை அடித்தால்? பாதிக்கு மேல் உள்ளே போகிறது! செம்பு அமைதியாக உருகி ஒட்டுகிறது.

இது முன்பே தோன்றவில்லையா என்று கேட்காதீர்கள். தோன்றினாலும், வலுவான நீல லேசருக்கு எங்கே போவது? நீல எல்.இ.டி., விளக்கை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும், 2014ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விளக்கில் உள்ள காலியம் நைட்ரைடு என்ற பொருளில்தான், நீல லேசரும் பிறக்கிறது. பல குட்டி லேசர்களின் ஒளியை ஒன்றாகச் சேர்த்த பிறகுதான், 2010களின் பிற்பகுதியில், வெல்டிங் செய்யும் அளவுக்கு வலு வந்தது.

இன்னும் ஒரு தொல்லை உண்டு. தாள்களுக்கு நடுவே துளி இடைவெளி இருந்தாலும், மேல் தாள் மட்டும் கருகிவிடும். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் தேய்த்து ஒட்டும் பழைய முறையைப் பல ஆலைகள் இன்னும் விடாததற்கு, இதுவும் ஒரு காரணம்.

நீல லேசர் பக்கம் வேலை செய்பவர்கள், தனிக் கண்ணாடி அணிய வேண்டும். அது பெரும்பாலும் என்ன நிறம் தெரியுமா? ஆரஞ்சு! செம்பு மாதிரியே, அதுவும் நீலத்தை விழுங்கிவிடும்.