மண்டியில் வாழும் உயிர்

பிரித்தானியக் கடைகளில் விற்கப்படும் சில 'ஏல்' பியர்ப் போத்தல்களின் அடியில் மெல்லிய மண்டி படிந்திருப்பதை நாம் காண்கிறோம். அது பழுதல்ல, 'ஈஸ்ட்' எனப்படும் மதுவம். போத்தலினுள்ளும் பியரை முதிரச் செய்யும் உயிர் அதுவே. 1971இல் நால்வர் தொடங்கிய 'கம்ரா' இயக்கம் இத்தகைய உயிருள்ள பியர் அழியாதிருக்கவே குரல் கொடுத்தது.

இங்கு வீட்டுப் பாவனைக்குப் பியர் தயாரிக்க 1963ஆம் ஆண்டு முதல் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. விற்பதற்கு அச்சலுகை கிடையாது. தயாரிப்போர் மதுவத்தை ஒவ்வொரு முறையும் விலைக்கு வாங்குவதில்லை. ஏல் மதுவம் மேலெழும் இயல்பினது. 20 பாகை செல்சியஸ் அளவில், இரண்டாம் மூன்றாம் நாள்களில் நுரை தடித்து நிற்கும். முதலில் எழும் கபில நிறக் கசடை அகற்றி, பின்னெழும் வெண்ணுரையைக் கொதிநீரில் சுத்தஞ்செய்த கரண்டியால் அள்ளிச் சாடியில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பர். மூடியை இறுக்கலாகாது. ஓரிரு வாரங்களுக்குள் அது அடுத்த தயாரிப்புக்கு உதவும். கெட்ட நாற்றம் வீசினால் கொட்டிவிட வேண்டும்.

போத்தலில் அடைக்கையில் லீற்றருக்கு 5 கிராம் அளவில் சீனி சேர்ப்பர். மதுவம் அதனை உண்டு வாயுவை உண்டாக்கும். நொதித்தல் முடியுமுன் அடைத்தாலோ சீனி மிகுந்தாலோ போத்தல் வெடிக்கும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் இது விளையாட்டல்ல.

அப்பமாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த எமது தாய்மாரும் இதே உயிரையே பேணினர். பெயரறியாமலே அவர்கள் கைவரப்பெற்ற அப்பக்குவத்தை, இங்கு பிறந்த பிள்ளைகளுக்கும் நாம் கற்பித்தல் வேண்டும். கைமாறாத கலை ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும்.