கரண்ட் போனாலும் கணக்கு போகாது

சம்பா நடவு நேரத்தில் கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டுப் பக்கம் எந்த உரக்கடைக்குப் போனாலும் கூட்டம் நிற்கும். ஒருவர் யூரியா கேட்பார். இன்னொருவர் போன போகத்துக் கடனைக் கட்ட வந்திருப்பார். கடைக்காரர் கணினியில் பில் தட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். யுபிஎஸ் இருந்தாலும் பேட்டரி பழசு, திரை அணைந்துவிடும். கரண்ட் வந்து கணினியைத் திரும்பப் போட்டால், அதுவரை போட்ட பில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பாதியில் நின்ற அந்த ஒரு பில் மட்டும் இருக்காது. அது அரைகுறையாகவும் இருக்காது. மூட்டை இருப்பில் கழிந்து, பணம் வரவில் ஏறாமல் நிற்கும் கோளாறு நேராது.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் இருக்கும் மென்பொருளின் பெயர் எஸ்க்யூலைட். சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள்கள் பலவற்றின் அடியில் கணக்கைத் தாங்கி நிற்பது இதுதான். கடைக்காரருக்கு இதன் பெயர் தெரிந்திருக்காது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் கோளாறு வரும் நாளில் தெரிந்திருந்தால் பல வருஷக் கணக்கு பிழைக்கும்.

வங்கியிலும் ரயில்வே முன்பதிவிலும் இருக்கும் தரவுத்தளங்களுக்குத் தனி சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். எஸ்க்யூலைட்டுக்கு இரண்டும் வேண்டாம். அது செயலிக்குள்ளேயே ஒரு பகுதியாகக் கலந்துவிடும் நிரல், ஒரு எம்.பி.க்குள் அடங்கும். வாடிக்கையாளர், சரக்கு இருப்பு, கடன் பாக்கி என்று எத்தனை அட்டவணை இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே கோப்பு. ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் இது உண்டு. குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகள் நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாற்றை இதில்தான் வைக்கின்றன. போனில் வாட்ஸ்அப் உரையாடல்கள் தங்குவதும் இதில்தான்.

எஸ்க்யூலைட் பிறந்த இடம் ஒரு போர்க்கப்பல் திட்டம். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் என்ற அமெரிக்க நிரலாளர், அந்நாட்டுக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்தார். கப்பல் அடிபட்டால் எந்தக் குழாயை அடைப்பது, எந்த வால்வைத் திறப்பது என்று சொல்ல வேண்டிய மென்பொருள் அது. தகவல்கள் இன்ஃபார்மிக்ஸ் என்ற பெரிய தரவுத்தள சர்வரில் இருந்தன. சர்வர் படுத்துவிட்டால், ‘தரவுத்தளத்தோடு தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று ஹிப்பின் நிரல் திரையில் அறிவிக்கும். பழி அவர் தலையில் விழும். சர்வரே இல்லாமல் வட்டிலிருந்து நேராகப் படித்தால் என்ன என்று அவர் யோசித்ததன் விளைவு, 2000 ஆகஸ்டில் வெளிவந்த எஸ்க்யூலைட்டின் முதல் பதிப்பு. பின்னர் காப்புரிமை எதையும் வைத்துக்கொள்ளாமல் உலகத்துக்கே பொதுச்சொத்தாக அதைக் கொடுத்தார். 2050 வரை பராமரிப்போம் என்று அவருடைய குழு வாக்குக் கொடுத்திருக்கிறது. இன்றைக்குச் சேத்தியாத்தோப்பில் பில் போடுகிறவர் அதற்காக ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

கரண்ட் போன கதைக்கு வருவோம். கோப்பை எஸ்க்யூலைட் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது. இப்போதைய வழக்கப்படி ஒரு பக்கம் 4,096 பைட். ஒரு பில் போட்டால் குறைந்தது இரண்டு மூன்று பக்கங்கள் மாற வேண்டும்: இருப்பு ஒன்றில், வரவு ஒன்றில், வாடிக்கையாளர் பாக்கி இன்னொன்றில். மாற்றுவதற்கு முன்னால் பழைய பக்கங்களை அப்படியே பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைக்கிறது. அதற்குப் பெயர் ஜர்னல். மண்டிக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் கை வைக்கும் முன் பழைய தொகையைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வாரே, அது மாதிரி. ஜர்னல் வட்டில் உறுதியாகப் பதிந்த பிறகுதான் உண்மையான கோப்பில் கை வைக்கும். எல்லாப் பக்கமும் மாறி முடிந்ததும் ஜர்னலை அழிக்கும். அது அழியும் அந்த நொடியில்தான் பில் நிலைபெறுகிறது.

நடுவில் கரண்ட் போனால் ஜர்னல் அழியாமல் கிடக்கும். அடுத்த முறை செயலி திறக்கும்போது எஸ்க்யூலைட் அதைப் பார்த்து, வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று புரிந்துகொண்டு, பழைய பக்கங்களைத் திரும்ப அந்தந்த இடத்தில் வைத்துவிடும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை.

2010இல் இதற்கு மாற்றாக இன்னொரு முறையும் வந்தது. அதில் பழைய பக்கத்தைத் தொடாமல், புது மாற்றங்களை ‘வால்’ என்ற துணைக் கோப்பின் கடைசியில் அடுக்கிக்கொண்டே போகும். அது சுமார் ஆயிரம் பக்கம் சேர்ந்ததும் முதன்மைக் கோப்பில் ஏற்றும். ஒருவர் எழுதும்போதே மற்றவர் படிக்கலாம் என்பது இதன் வசதி. இன்றைய செயலிகள் பலவும் இந்த முறையில்தான் ஓடுகின்றன.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் சாய்ந்து, கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரத்தை நம்ப முடியாத இப்படிப்பட்ட ஊர்களுக்கு இந்த வடிவமைப்பு எவ்வளவு பெரிய உதவி என்பதை யாரும் பேசுவதில்லை. எஸ்க்யூலைட் குழு கரண்ட் போவதையும், இயங்குதளம் உறைவதையும், வட்டு நிறைந்துபோவதையும் செயற்கையாக உண்டாக்கித் தன் நிரலைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறது. சோதனைக்காக எழுதிய நிரல், உண்மையான நிரலைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். என் பார்வையில் இதுதான் அந்த மென்பொருளின் உண்மையான பெருமை.

அப்படியானால் கணக்கு கெட்டுப்போவது எப்படி? பெரும்பாலும் நம் கையால்தான்.

முதலாவது, பேக்கப் என்று நினைத்துச் செய்யும் நகல். செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புறையைத் திறந்து, பெரிய கோப்பை மட்டும் பென் டிரைவில் இழுத்துப் போடுகிறார்கள். பக்கத்தில் அதே பெயரோடு ‘வால்’ என்று முடியும் கோப்பை விட்டுவிடுகிறார்கள். இன்று காலையிலிருந்து போட்ட பில்கள் அந்தச் சின்னக் கோப்பில் இருக்கலாம். நகல் எடுக்கும் நொடியில் எழுத்து வேலை நடந்துகொண்டிருந்தால், பாதி பழசும் பாதி புதுசுமாக ஒரு கோப்பு வந்து சேரும். அதைத் திறந்தால், ‘டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு’ என்ற செய்தி வரும். செயலியை ஒழுங்காக மூடினால் துணைக் கோப்புகள் பொதுவாகத் தானே மறைந்து ஒரு கோப்பு மட்டும் மிஞ்சும். நகல் எடுக்க அதுதான் நேரம். மூடிய பிறகும் துணைக் கோப்பு கிடந்தால், செயலி பின்னணியில் ஓடுகிறது, இல்லை அசாதாரணமாக நின்றிருக்கிறது என்று பொருள். ஓடும்போதே எடுக்க வேண்டுமென்றால் எஸ்க்யூலைட்டுக்கே உள்ள ‘பேக்கப்’ கட்டளையோ, 2019இல் சேர்ந்த ‘வேக்கம் இன்டூ’ கட்டளையோ இருக்கிறது. பில்லிங் மென்பொருளில் இருக்கும் பேக்கப் பொத்தான் இவற்றில் ஒன்றைத்தான் அழைக்க வேண்டும். வாங்கும்போதே விற்கிறவரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சுத்தம் செய்கிறேன் என்று ஜர்னலை அழிப்பது. கரண்ட் போன பிறகு கிடக்கும் ஜர்னல் குப்பைமாதிரித் தெரியும். கணக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இருக்கும் ஒரே வழி அதுதான். அதை நீக்கினால் பாதி மாறிய பக்கங்கள் அப்படியே நிரந்தரமாகிவிடும்.

பென் டிரைவையே நம்பிக் கணக்கை ஓட்டுவது அடுத்தது. 64 ஜிபி என்று அட்டையில் போட்டு, உள்ளே அதில் கால்பங்குகூட இல்லாத போலிகள் சந்தையில் கிடைக்கின்றன. எழுதியதாகச் சொல்லும், எழுதியிருக்காது. வட்டு பொய் சொன்னால் எந்தத் தரவுத்தளமும் ஒன்றும் செய்ய முடியாது.

‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்ற செய்தியைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். இது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். வேறு யாரோ எழுதும் உரிமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வேறொரு கருவியில் கோப்பைத் திறந்து திருத்தம் செய்துவிட்டுச் சேமிக்காமல் விட்டிருக்கலாம். அதை மூடினால் பூட்டு திறக்கும். நிரல் எழுதுகிறவர் ‘பிஸி டைம்அவுட்’ என்பதை ஐந்து விநாடி என்று வைத்தால் பாதிப் புகார் நின்றுவிடும். அது வைக்கப்படாவிட்டால் எஸ்க்யூலைட் துளியும் காத்திருக்காமல் பிழையைக் காட்டிவிடும். கடையில் இரண்டு கணினி வைத்து, வைஃபை வழியே பகிர்ந்த கோப்புறையில் ஒரே கோப்பை இரண்டும் திறப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வலையமைப்பில் பூட்டு சரியாக வேலை செய்யாமல் போகலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதிக் கோப்பு சிதையும். அந்த அளவுக்குக் கடை வளர்ந்துவிட்டால் போஸ்ட்கிரஸ் போன்ற சர்வர் தரவுத்தளத்துக்கு மாறுவதுதான் முறை.

உண்மையிலேயே சிதைந்துவிட்டதா? முதலில் கோப்புறை முழுவதையும், துணைக் கோப்புகளோடு, வேறிடத்தில் நகல் எடுங்கள். எந்தச் சோதனையும் அந்த நகலில்தான். தெரிந்தவர் ஒருவரை வைத்து ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓட்டச் சொல்லுங்கள். நல்ல கோப்பென்றால் ‘ஓகே’ என்று ஒரே சொல் வரும். அட்டவணை நன்றாக இருந்து, தேடலுக்கான இன்டெக்ஸ் மட்டும் கெட்டிருந்தால் ‘ரீஇன்டெக்ஸ்’ போதும். அதற்கும் மேலே என்றால் ‘ரெக்கவர்’ கட்டளை, படிக்க முடிகிற பக்கங்களிலிருந்து கிடைப்பதையெல்லாம் பொறுக்கிப் புதுக்கோப்பு கட்டித்தரும். கிடைத்ததைப் பழைய பில் நகலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது.

இதுவரை சொன்னது உலகம் முழுவதற்கும் பொது. தமிழில் கணக்கு வைப்பவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குச் சேத்தியாத்தோப்பின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம்.

தாளில் எழுதினால் ‘சேத்தியாத்தோப்பு’ 8 எழுத்து. யூனிகோடில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று என்று தனித்தனி குறியீடு, ஆக 16. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் வட்டில் 48 பைட். இதில் ‘தோ’ இரண்டு வகையில் உள்ளே போக முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும்போது இந்த இரண்டாவது வகை வந்துவிடுவதுண்டு. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. கோப்புக்குள் ஒன்று 48 பைட், மற்றது 51. எஸ்க்யூலைட் பைட்டைத்தான் ஒப்பிடுகிறது; அதற்கு இவை இரண்டு வேறு ஊர். ஊர்வாரியாகக் கடன் பட்டியல் எடுத்தால் பாதி விவசாயிகள் வரமாட்டார்கள், ஏன் என்றும் தெரியாது. சோழத்தரம், காட்டுமன்னார்கோயில், கொள்ளிடம் எல்லாவற்றுக்கும் இதே கதி. சந்தேகம் வந்தால் ‘லெங்த்’ என்று கேட்டுப் பாருங்கள்: ஒரு வரிசையில் 16, இன்னொன்றில் 17 என்று வந்தால் பிடிபட்டுவிட்டது.

இதற்கு மருந்து உண்டு. யூனிகோடு வகுத்த ‘என்எஃப்சி’ என்ற சீராக்கம் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். எஸ்க்யூலைட் அதைத் தானாகச் செய்யாது. செயலி எழுதுகிறவர் சேமிக்கும் முன் செய்ய வேண்டும், பைத்தானில் ஒரே வரி. ஸ்ரீமுஷ்ணத்துக்கு அந்த மருந்தும் வேலை செய்யாது. ‘ஸ்ரீ’யை வழக்கமான ‘ஸ’ வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு சகர எழுத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், சீராக்கம் இரண்டையும் இணைக்காது. ‘கௌரி’யில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டுவதும் இப்படித்தான். இவற்றுக்குத் தனி விதி எழுதித்தான் ஆக வேண்டும்.

அகர வரிசையும் தவறும். யூனிகோடு அட்டவணையில் ‘ன’ நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருப்பதால், எஸ்க்யூலைட்டின் இயல்பான வரிசையில் அமுதாவுக்கு முன்னால் அன்பு வந்துவிடுவார். தமிழ் அகராதிப்படி அமுதாதான் முதலில். ஐசியு என்ற நூலகத்தை இணைத்தால் வரிசை சரியாகும். சொல் தேடலுக்கான எஃப்டிஎஸ்5 வசதியோ இயல்பு நிலையில் உயிர்க்குறியையும் புள்ளியையும் சொல் முடியும் இடமாக எடுத்துக்கொள்கிறது. ‘தோப்பு’ என்ற சொல் த, ப, ப என்று சிதறிவிடும். குறிகளையும் எழுத்தாகக் கொள் என்று ஒரு வரி அமைப்பில் சேர்த்தால் தீரும்.

எஸ்க்யூலைட்டைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எந்த மொழிக்கும் இடம் கொடுத்து, விதியை நம்மிடம் விட்டிருக்கிறது. நம் ஊருக்கு மென்பொருள் எழுதுகிற நண்பர்களே, பெயரையும் ஊரையும் சேமிக்கும் முன் சீராக்கிவிடுங்கள். கடனை அடைத்த விவசாயியின் பெயர் பாக்கிப் பட்டியலில் நிற்கக் கூடாது. கடைக்காரர்கள் இன்று இரவு கடை சாத்தும் முன் பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து, இன்றைய கடைசி பில் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.