பிரட்டில் தூங்கும் ஆள்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கொம்பியூட்டரில் ஈமெயிலைத் திறந்து அதிலுள்ள லிங்கை அழுத்தினால் அரை நிமிடத்துக்கு ஒன்றுமே நடப்பதில்லை. பிறகுதான் பிரவுசர் அசைகிறது. கண்டி டவுனில் காட்டினேன். பெரிய இன்டர்நெட் பக்கேஜ் எடுங்கள் என்கிறார்கள். எடுக்கட்டுமா?"

அவசரப்பட வேண்டாம். முதலில் காசில்லாத ஒரு சோதனை. லிங்கை அழுத்தாமல், முகவரியைக் கொப்பி பண்ணி, திறந்திருக்கும் பிரவுசரில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் பழி இணையத்தின் மேல், அல்லது அந்த லிங்கின் மேல். விளம்பர ஈமெயில்களின் லிங்குகள், யார் அழுத்தினார்கள் என்று எண்ணும் சேர்வர்களைச் சுற்றிவிட்டுத்தான் உரிய இடம் போகும். ஒட்டியதும் பக்கம் வந்துவிட்டால் இணையம் நிரபராதி. கண்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 115 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஓடும் ஒளிக்கு அது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் அரை நிமிடம் உங்கள் மேசையிலேயேதான் தொலைகிறது.

எப்படி? ஈமெயில் மென்பொருள் லிங்கைத் தானே திறப்பதில்லை. விண்டோஸின் கையில் கொடுத்துவிடும். விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரியைப் புரட்டி, இந்த வேலைக்குப் பொறுப்பு எந்தப் பிரவுசர் என்று பார்க்கும். அந்தப் பதிவில் டிடிஇ என்ற பழைய முறை எஞ்சியிருந்தால் வேடிக்கை ஆரம்பம்.

ஹந்தானைப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலைக்கு ஆட்களைக் கூட்டி நிறுத்தும் விடிகாலைப் பிரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளைக்கு ஓர் ஆள் வேண்டும். செக்ரோலில் பேர் இருக்கிறது, முகம் தெரியாது. வரிசையில் ஒவ்வொருவராக "நீதானா?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார். ஒருவர் தலையாட்டாமல் அடுத்தவரிடம் போகமாட்டார். நடுவில் ஒருவர் நின்றபடியே தூங்குகிறார். கணக்கப்பிள்ளையும் அவர் முன்னால் நிற்கிறார். மலையில் வெயில் ஏறுகிறது, கொழுந்து முற்றுகிறது, துரையும் வந்துவிட்டார், பிரட்டு கலையவில்லை.

டிடிஇ முறையில் விண்டோஸும், அந்தப் பிரவுசர் நீதானா என்று, திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் விசாரிக்கும். பின்னணியில் ஓடும் பல மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஜன்னலை வைத்திருக்கும். அவையும் வரிசையில் உண்டு. அதிலொன்று உறைந்துபோனால் போதும். ஈமெயிலுக்கும் பிரவுசருக்கும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பிரிண்டர் மென்பொருள் உங்கள் லிங்கை மறித்துக்கொண்டு நிற்கும். பொறுமை தீர்ந்த பிறகே விண்டோஸ் நகரும்.

வரலாறு கேட்பவர்களுக்காக: டிடிஇ 1987இல் விண்டோஸ் 2.0 உடன் வந்தது, ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தரவு வாங்குவதற்காக. அன்று திரையில் நாலு ஜன்னல் இருந்தாலே அதிகம். 2017இல் விஷமிகள் இதைக் கையிலெடுத்ததும், மைக்ரோசொஃப்ட் வேர்டில் இதை முடக்கியது.

வைத்தியம் எளிது. காலையில் கொம்பியூட்டரைப் போட்டதும் லிங்க் சட்டென்று திறந்து, மாலையில் மந்தமானால், உறைந்துபோன ஏதோ ஒரு மென்பொருள் மேல் சந்தேகம் வலுக்கிறது. டாஸ்க் மனேஜரைத் திறந்து, பின்னணியில் கிடப்பவற்றில் உங்களுக்குத் தெரிந்தவற்றை மட்டும் ஒவ்வொன்றாக மூடி, ஒவ்வொரு முறையும் லிங்கை அழுத்திப் பாருங்கள். எதை மூடியதும் வேகம் வருகிறதோ, அதுதான் தூங்கும் ஆள். பிறகு பிரவுசரைப் புதுப்பித்து, அதையே மீண்டும் இயல்பான பிரவுசராகத் தெரிவு செய்யுங்கள். புதிய பிரவுசர்கள் டிடிஇயைக் கைவிட்டுவிட்டதால் பழைய பதிவும் பெரும்பாலும் ஒழியும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "கொம்பியூட்டரை மூன்று மடங்கு வேகமாக்கும்" என்று விற்கும் கிளீனர் மென்பொருளைப் போடாதீர்கள். அதுவும் பின்னணியில் ஒரு ஜன்னலைத் திறந்துகொண்டு பிரட்டு வரிசையில் வந்து நிற்கும்.