கழுவினால் போதுமா?
பேக்கிங் தட்டில் ஆகாத பொருள் பட்டுவிட்டால் செய்யவேண்டியவை



தாராவியில் குடியிருக்கும் ஒரு சகோதரி, சென்ற டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்தில் செம்பூரிலுள்ள எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார்கள். பழைய சேலைத் துணியில் சுற்றிய கனத்த தட்டு ஒன்று அவர்கள் கையில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் துபாயிலிருந்து அவர்களுடைய தமக்கை கொண்டுவந்து கொடுத்த ஸ்டோன்வேர் பேக்கிங் தட்டு அது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதிலேதான் கேக் செய்து கொடுப்பார்கள்.

மழைக்காலம் முழுவதும் அத்தட்டு பரணில் இருந்தது. அதற்குமேல் வைத்திருந்த கரப்பான் பூச்சி மருந்துப் புட்டியின் மூடி தளர்ந்து, மருந்து தட்டிற்குள் கசிந்து தேங்கிவிட்டது. ஒற்றை அறை வீட்டில் அடுப்பங்கரையும் பரணும் மருந்தும் மாவும் அருகருகேதான் இருக்கும். இதில் அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

"மூன்று தரம் கழுவினேன், அக்கா. இரண்டு நாள் வெயிலிலும் வைத்தேன். இப்போது வாடையே இல்லை. இதில் கேக் செய்யலாம்தானே?" என்று கேட்டார்கள்.

அவர்கள் கண்களில் இருந்த ஆவலைப் பார்த்து என்னால் உடனே பதில் சொல்லக் கூடவில்லை. அதற்கான பதிலை நம் சகோதரிகள் அனைவரும் அறிந்துகொள்வது நல்லது என்று எண்ணியே இதை எழுதுகிறேன். பாத்திரத்தில் ஏதேனும் பட்டுவிட்டால் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்கவேண்டும். முதலாவது, இந்தப் பாத்திரம் உறிஞ்சுமா, உறிஞ்சாதா? இரண்டாவது, அதில் பட்டது என்ன? இவ்விரண்டிற்கும் விடை தெரிந்தால், கழுவி வைத்துக்கொள்வதா, கழித்துவிடுவதா என்பது தானாகவே தெளிவாகும்.

உறிஞ்சும் பாத்திரமும் உறிஞ்சாத பாத்திரமும்

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டியுள்ள கும்பர்வாடாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே பானைகளும் அகல்களும் செய்துவருகிறார்கள். அங்கே வாங்கிய ஒரு புதுப் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால், சற்று நேரத்தில் வெளிப்புறம் வியர்க்கும். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதால் நீர் அவற்றின் வழியே வெளியே கசிகிறது. அந்த நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதன் இரகசியம் இதுவே.

தண்ணீரை வெளியே விடுகிற அதே துளைகள், எண்ணெயையும் சோப்பையும் மருந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே கழுவிவிட்டாலும் உள்ளே போனது அங்கேயே தங்கி, அடுத்த முறை சூடேறும்போது உணவிற்குள் திரும்பி வரும்.

ஸ்டோன்வேர் என்பதும் மண்ணால் ஆனதே. ஆனால் சாதாரண மண்பாண்டத்தைவிட மிக அதிகமான, ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது சுடப்படுகிறது. அவ்வெப்பத்தில் மண் இறுகிக் கல்லைப்போலாவதால் துளைகள் பெரும்பாலும் அடைபடுகின்றன. நம் வீடுகளில் ஊறுகாய் போட்டு வைக்கும் கனத்த பீங்கான் ஜாடியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஸ்டோன்வேர் தட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கண்ணாடி போன்ற பளபளப்பான மேற்பூச்சு உடையது. இது எதையும் எளிதில் உறிஞ்சாது. மற்றது, பூச்சில்லாமல் சொரசொரப்பாய் இருப்பது. இது பானையைப்போல் அவ்வளவாய் உறிஞ்சாவிட்டாலும் சிறிதளவு உறிஞ்சவே செய்யும். நாளடைவில் எண்ணெய் ஊறி அது கறுத்துப்போவதே இதற்குச் சாட்சி.

உங்கள் தட்டு எவ்வகை என்று அறிய, உலர்ந்த தட்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டு முத்துப்போல் நின்றால் அவ்விடம் உறிஞ்சாதது. சொட்டு பரவி அவ்விடம் கருமையானால் உறிஞ்சுவது. எண்ணெய் ஊறிப்போன பழைய தட்டில் உட்புறத்தில் தண்ணீர் நிற்கக்கூடும். ஆகையால் அடிப்புறத்தைச் சோதிப்பதே சரி. பூச்சு உடைய தட்டிலும் தலைமுடி போன்ற மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தால், அதையும் உறிஞ்சும் பாத்திரமாகவே கருதுங்கள்.

பாத்திரங்களுக்குள் இந்த வித்தியாசம் வேதத்தை வாசிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தில் பாவநிவாரண பலியின் இறைச்சியை வேகவைத்த பாத்திரங்களைப்பற்றிச் சொல்லும்போது, மண்பாண்டமானால் உடைத்துப்போடவும், செம்புப் பாத்திரமானால் தேய்த்துத் தண்ணீரால் கழுவவும் கட்டளையிடப்பட்டது. 11-ஆம் அதிகாரத்திலும், செத்த பிராணி விழுந்த மண்பாண்டம் உடைக்கப்படவேண்டும் என்றே காண்கிறோம். அவை ஆசரிப்புக்கும் தீட்டுக்கும் உரிய பிரமாணங்கள். சுகாதாரப் பாடமாக எழுதப்பட்டவை அல்ல. ஆயினும் மண்பாண்டத்திற்கு ஒரு முறையும் உலோகத்திற்கு வேறொரு முறையும் இருந்தது நம் கவனத்திற்குரியது.

பட்டது என்ன?

சோப்பு: புதிதாய் வந்த மருமகளோ உதவிக்கு வந்த பெண்ணோ, பூச்சில்லாத தட்டைப் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஊறவைத்துவிடுவது உண்டு. அடுத்த கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். இதற்காகத் தட்டை எறியவேண்டாம், பிள்ளையையும் கடிந்துகொள்ளவேண்டாம். வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி மறுபடியும் ஊறவையுங்கள். வாடை குறையும்வரை இப்படிச் செய்து, நன்றாய் உலர்த்துங்கள். பின்பு மலிவான மைதா மாவைப் பிசைந்து தட்டில் பரப்பி அவனில் சுட்டு, அந்த ரொட்டியை எறிந்துவிடுங்கள். மீதமிருக்கும் சோப்பில் ஒரு பகுதியை அது இழுத்துக்கொள்ளும்.

முட்டை, பச்சை இறைச்சி, கெட்டுப்போன பால்: இவற்றிலுள்ள கிருமிகள் வெப்பத்திற்கு நிற்கமாட்டா. ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டி எடுத்து, வெந்நீரால் கழுவுங்கள். சமையல் சோடாவைச் சிறிது நீரில் குழைத்துப் பூசி, இருபது நிமிடம் கழித்துத் தேய்த்து அலசுங்கள். உலர்ந்தபின் 180 டிகிரி வெப்பத்தில் ஒருமணி நேரம் அவனில் வைத்து எடுங்கள். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம். கெட்டுப்போன உணவில் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, சூடாக்கினாலும் அழியாது. ஆகையால் தட்டைச் சூடாக்குமுன் பழைய உணவுத் துணுக்கு ஒன்றும் அதில் இராதபடி முற்றிலும் அகற்றவேண்டும்.

பூஞ்சணம்: மும்பையின் நான்கு மாத மழையில் ஈரத்தோடு அடுக்கி வைத்த தட்டில் இது வருவது இயல்பு. மேற்சொன்னபடியே சோடாவால் தேய்த்து, உலர்த்தி, சூடாக்கினால் போதும். கீறலுக்குள் கறுப்பாய்ப் படிந்து திரும்பத் திரும்ப வருமானால் அத்தட்டைக் கழித்துவிடுங்கள்.

எலி, கரப்பான் நடமாட்டம்: எலிப் புழுக்கையை வெறுங்கையால் தொடாமல், உறை அணிந்து ஈரத்துணியால் எடுங்கள். பூச்சுடைய தட்டைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, அடுத்து நான் சொல்லப்போகும் பிளீச் நீரில் வையுங்கள். பூச்சில்லாத தட்டைப் பச்சைத் தண்ணீரில் மூழ்கவைத்து, மெல்ல மெல்லச் சூடேற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, உலர்த்தி, அவனிலும் சூடாக்குங்கள்.

பூச்சிமருந்து, எலிப்பாஷாணம், பினாயில், மண்ணெண்ணெய், கழிப்பறை ஆசிட், பெயிண்ட்: இங்கேதான் நாம் பெரும்பாலும் தவறுகிறோம். மேற்சொன்ன வழிகள் யாவும் கிருமிகளுக்கு உரியவை. கிருமிக்கு உயிர் உண்டு, வெப்பத்தில் சாகும். இரசாயன நஞ்சு அப்படியல்ல. பூச்சிமருந்துகள் பலவும் எண்ணெயில் கரைபவை. எண்ணெய் ஊறிய பழைய தட்டு அவற்றை விரும்பி ஏற்றுக்கொள்ளும், தண்ணீரோ அவற்றை வெளியே கொண்டுவராது. மருந்தில் கலந்திருக்கும் வாசனைப் பொருள் காற்றில் பறந்துவிடும், மருந்து தங்கியிருக்கும். ஆகவே வாடை போனது நஞ்சு போனதற்கு அடையாளமன்று. அவனில் சுட்டால் சரியாகிவிடும் என்று முயலவும் வேண்டாம். காற்றோட்டமில்லாத சிறிய அறையில் அந்தப் புகையை வீட்டிலுள்ள பிள்ளைகளே சுவாசிப்பார்கள்.

கீறலற்ற, முழுவதும் பூச்சுடைய தட்டில் பினாயில் போன்றது சிறிது தெறித்து, உடனே பார்த்துவிட்டால், சோப்பும் வெந்நீரும் கொண்டு பலமுறை கழுவிப் பயன்படுத்தலாம். பூச்சில்லாததிலோ, கீறல் விழுந்ததிலோ, நாட்கணக்கில் தேங்கியிருந்தாலோ, அத்தட்டை இனி உணவுக்கு எடுக்கவேண்டாம். தெரியாமல் அதில் சமைத்ததை யாராவது உண்டு உடல்நலம் குன்றினால், அந்த மருந்துப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெள்ளநீர் புகுந்த வீட்டில்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதியை மும்பைவாசிகள் மறக்கமுடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரைபுரண்டு, சாக்கடையும் மழைநீரும் ஒன்றாய்க் கலந்து வீடுகளுக்குள் புகுந்தன. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் அதைத் தொடர்ந்து நகரில் பரவி உயிர்களைப் பலிகொண்டது.

அப்படிப்பட்ட நீரில் மூழ்கிய பாத்திரங்களில் எவர்சில்வர், கண்ணாடி, பூச்சுடைய பீங்கான் ஆகியவற்றைக் காப்பாற்றலாம். முதலில் சோப்பும் வெந்நீரும் கொண்டு சேறு போகக் கழுவுங்கள். பின்பு நான்கு லிட்டர் சுத்தமான நீரில் வாசனை சேராத வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, கலந்து பதினைந்து நிமிடம் மூழ்கவைத்து, எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள். பிளீச்சோடு ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் கலக்கக்கூடாது. உயிருக்கு ஆபத்தான குளோரின் வாயு எழும்பும். பூச்சில்லாத தட்டை பிளீச்சில் வைக்கவும் கூடாது. அதையும் அது உறிஞ்சிக்கொள்ளும். மண்சட்டி, பூச்சில்லாத தட்டு, மரப்பலகை ஆகியன வெள்ளநீரில் ஊறியிருந்தால் விட்டுவிடுவதே நலம்.

நாள்தோறும் காக்கும் முறை

வருமுன் காப்பது எளிது. பயன்படுத்திய தட்டு முழுவதும் ஆறியபின்பே தண்ணீர் படவேண்டும். சூட்டோடு குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடும். எரிவாயு அடுப்பின் தணல்மேல் நேரடியாய் வைக்கக்கூடாது. கம்பி நாரால் பூச்சைத் தேய்க்கக்கூடாது. பூச்சில்லாததற்கு வெந்நீரும் சோடாவும் போதும். கழுவியபின் ஓர் இரவு முழுவதும் சாய்த்து வைத்து உலரவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, கவிழ்த்து வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும்.

புதிதாய் வாங்கும்போது, உணவுக்கு உகந்தது என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அலங்காரத்திற்கென்று செய்யப்படும் சில மலிவான பீங்கான்களின் பூச்சில் ஈயம் கலந்திருக்கக்கூடும். புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து உணவில் சேர்க்கும். பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு குறைவாய் இருந்தாலும் அதைத் தீங்கற்றது என்று சொல்லமுடியாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

எல்லாவற்றிற்கும் மேலாக, மருந்துகளும் பினாயிலும் எப்போதும் தரையோடு, பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். உணவுப் பாத்திரங்கள் அவற்றுக்கு மேலே இருக்கட்டும். மருந்து மேலும் பாத்திரம் கீழுமாய் ஒருநாளும் வைக்கவேண்டாம். கசிவது எதுவும் கீழ்நோக்கியே வரும்.

அந்தச் சகோதரிக்குச் சொன்ன பதில்

அவர்கள் கொண்டுவந்த தட்டைத் திருப்பி, அடிப்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது பரவி மறைந்துபோயிற்று. நான் ஒன்றும் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அக்கா தந்ததாயிற்றே" என்று மட்டும் சொல்லி, சற்றுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பின்பு, "பிள்ளைகள் சாப்பிடுவது, வேண்டாம்" என்றார்கள்.

அந்த ஆண்டு ஞாயிறு பள்ளிக் கேக் என் வீட்டு அலுமினியத் தட்டில் ஆயிற்று. முன்போல் நன்றாய்ச் சிவக்கவில்லை, ஓரங்கள் சற்றுக் கருகின. பிள்ளைகள் ஒரு துண்டும் மீதி வைக்கவில்லை. பழைய தட்டை அவர்கள் பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொடுக்கவில்லை. வேறொருவர் கையில் போய் அவர்கள் அதில் சமைத்துவிடக்கூடும் என்று, தாமே சுத்தியலால் நான்கு துண்டாய் உடைத்துக் குப்பையில் சேர்த்தார்கள். அன்பினால் வந்த பொருளை அன்பினாலேயே விட்டுவிட்ட அந்தத் தாயின் செய்கை நமக்கும் முன்மாதிரியாய் இருக்கட்டும்.